பாதியில் எழுந்து போனவர்

பெரியவர் ஒன்று சொன்னால் அந்தக் குடும்பத்தில் மறுபேச்சு கிடையாது. பாலம் கட்டிய பொறியாளர். ஓய்வு பெற்றதும் பாலம் போயிற்று, அதட்டல் போகவில்லை. பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆராய்ச்சி செய்யும் மகளுக்கு, ஞாபகசக்திப் பரிசோதனைக்கு வர ஐம்பது வயது தாண்டிய ஆட்கள் போதவில்லை என்று காதில் விழுந்ததும், மருந்துக் கடை வைத்திருக்கும் தம்பியைக் கூப்பிட்டார்.

"நம்ம வீட்டுப் பொண்ணு வேலை. போய்ட்டு வா."

தம்பி போனார். அதை மகளிடம் சொல்லவேண்டும் என்று பெரியவருக்குத் தோன்றவில்லை. வீட்டுக் கடமைக்குத் தண்டோரா எதற்கு?

சில வாரங்கள் கழித்து, தம்பி கடையை மருமகனிடம் ஒப்படைக்கப் போகிறார், மறுநாள் சாவி கைமாறுகிறது என்று செய்தி வந்தது. பெரியவர் போனில் பிடித்தார்.

"நல்லா ஓடுற கடைய ஏன்டா விடுறே?"

"ஞாபகம் சரியில்லண்ணே. மருந்த மாத்திக் குடுத்தா ஒரு உயிரு போயிடும். நம்ம பேரும் கூடவே போயிடும்."

"சரியில்லன்னு எவன் சொன்னான்?"

"உங்க பொண்ணு ஆபீஸ்லதான். என் வயசுக்காரங்கள்ல நான் கடைசி வரிசையாம்."

பெரியவர் நேரே மகளின் அலுவலக அறைக்குப் போனார்.

"உன் சித்தப்பனுக்கு என்ன மார்க் போட்டே?"

"யார் வந்தாங்க, என்ன வாங்கினாங்கன்னு வெளிய சொல்லக் கூடாதுப்பா. எனக்கே பேர் தெரியாது. ஆளைப் பார்க்கிறது என் உதவியாளர். எனக்கு நம்பர் மட்டும்தான்."

"பெத்த அப்பன்கிட்ட சட்டம் பேசாதே. அவனை அனுப்பினதே நான்தான்."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா? உங்க பேச்சை அவர் என்னைக்குப்பா தட்டியிருக்கார்? இங்க வர்றவங்க தானா மனசு வந்து வரணும்."

பாதியில் எழுந்து போன ஒரு நம்பர் அவள் நினைவுக்கு வந்தது. உதவியாளர் பல முறை கூப்பிட்டும் போனை எடுக்காதவர். "வாங்கப்பா, கடைக்குப் போகலாம்," என்றாள்.

கடை வாசலில் அவரை நிறுத்தினாள். "நீங்க வெளிய இருங்க. இது அவர் விஷயம்."

அவரை வாசலில் நிறுத்த அதுவரை யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. நின்றார், விறைப்பாகத்தான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மகள் பேசுவதும் தம்பி மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்வதும் தெரிந்தது. பிறகு தம்பியே கதவைத் திறந்தார்.

"உள்ள வாங்கண்ணே. கூத்தைக் கேளுங்க. அந்த மார்க்கே பொய்யாம்!"

"எல்லாருக்கும் அதே மார்க்தான் சித்தப்பா," என்றாள் மகள். "தோத்துட்டோம்னு நினைக்கிறவங்க அடுத்த கேள்விகளுக்கு எப்படிப் பதில் சொல்றாங்கன்னு பார்க்கத்தான். கடைசியில உட்கார வெச்சு உண்மையச் சொல்லித்தான் அனுப்புவோம். நீங்க அதுக்குள்ள கிளம்பிட்டீங்க."

"நீ வந்து என் முகத்தைப் பார்த்துடுவியோன்னுதாம்மா கிளம்பினேன். அப்புறம் போன் வந்தப்போ, இன்னும் என்ன மிச்சம் வெச்சிருக்காங்களோன்னு எடுக்கலை." தம்பி சிரித்தார். "கோழியக் கேட்டா மசாலா அரைப்பாங்க?"

"கேட்டுத்தான் அரைக்கணும் சித்தப்பா. தப்பு எங்களது. உங்க பதில்களை ஆய்வுலேருந்து எடுத்துடவா?"

"எடுத்துடும்மா."

அந்த நேரத்தில் ஒரு பெண் மருந்துச் சீட்டை நீட்டினாள். கண்ணைக் கட்டிவிட்டாலும் சரியான அலமாரியில் கை வைப்பவர் தம்பி. மாத்திரை அட்டையை எடுத்தார். சீட்டைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். அப்புறம் இரண்டையும் அண்ணன் மகளிடம் காட்டினார்.

"இது சரிதானேம்மா?"

சரியாகத்தான் இருந்தது.

அந்தப் பெண் போனதும் பெரியவர் சொன்னார்: "மாப்பிள்ளைகிட்ட சாவியக் குடுக்காதே."

"கடைய விடலண்ணே. ஆனா மாப்பிள்ளையும் வந்து பக்கத்துல நிக்கட்டும். தனியா எடுத்துக் குடுக்க இப்ப கை வரலை."

அண்ணன் சொல்லுக்கு அவர் 'ஆனா' போட்டது அதுவே முதல் தடவை.

தெருவுக்கு வந்ததும் மகள் சொன்னாள்: "ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவுல இதைச் சொல்லணும்ப்பா. ஆய்வை நிறுத்தினாலும் நிறுத்திடுவாங்க."

வீட்டு விஷயம் வீட்டோடு போகட்டும் என்று சொல்லத்தான் பெரியவர் வாயெடுத்தார். உள்ளே தம்பி அடுத்த ஆளின் மருந்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கள் குறையை அடுத்தவர் வந்து சொல்லும்வரை காத்திருக்கும் பழக்கம் அந்தக் குடும்பத்துக்கு இல்லை; முந்திக்கொண்டு தாங்களே சொல்லிவிடுவார்கள்.

"சொல்லு," என்றார். "அவன் தானா வரலை, நான் அனுப்பி வந்தான்னும் சேர்த்துச் சொல்லு. வேணும்னா நானே வந்து சொல்றேன்."