வெள்ளிக்கிழமைக்குள் விலகவேண்டிய புள்ளிகள்

1.

இந்தக் கதையை ஒரு படிவத்தின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். முன்பக்கத்தில் நான் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்காததால் பின்பக்கம் சும்மா இருந்தது.

முதலில் எழுதிய தொடக்கம் இது: “இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு, மண்டபம் அகதி முகாமிலிருந்து இலுப்பைக்கடவைக்கு அண்மையிலுள்ள எங்கள் ஊருக்குத் திரும்பிய முப்பத்தெட்டுக் குடும்பங்களும் கண்ணீர் மல்க மண்ணை”

இவ்விடத்தில் நிறுத்திவிட்டேன். யாரும் மண்ணை எதுவும் செய்யவில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டாவது தொடக்கம்: “விண்மீன் கொத்துகள் தனித்தனியே பிறப்பதில்லை.” இது என் வாக்கியமல்ல. என் மகள் நிறஞ்சலாவின் கொப்பியில் இருக்கிறது. அவள் 2009 இல் முகாமில் மஞ்சட்காமாலை வந்து இறந்துபோனாள். [வாசகர் இவ்விடத்தில் இரங்க வேண்டியதில்லை. கதை இன்னும் தொடங்கவில்லை.]

2.

நிறஞ்சலா முகாமிலிருந்து மதுரைக்குப் போய்ப் பௌதிகவியலில் முதுகலை படித்தாள். நம்முடைய பால்வீதியைப் போன்ற இன்னொரு பேரடையில், புதிதாகப் பிறந்த விண்மீன் கொத்துகள் எப்படிப் பரந்து கிடக்கின்றன என்பதுதான் அவளுடைய ஆய்வு. கணினி இதை நொடியில் செய்துவிடுமாம். ஆனால் ஒரு தடவையாவது கையால் அளந்து பார்த்தால்தான் தனக்கு விளங்கும் என்றாள். அவள் கொண்டுவந்த படத்தில் அறுபது புள்ளிகள் இருந்தன. எந்த இரண்டு புள்ளியை எடுத்தாலும் அது ஒரு சோடி. மொத்தம் 1770 சோடிகள். ஒவ்வொரு சோடிக்கும் இடைத்தூரம் வேண்டும்.

முகாமில் நாங்கள் ஏழாம் லைன், அதாவது ஏழாவது வீட்டுவரிசை. லைன் முழுவதும் அளந்தது. பக்கத்து வீட்டுப் பத்திநாதன் அடிமட்டம் பிடித்தான். எதிர் வீட்டுத் திரேசம்மா செபமாலையில் சோடிக்கு ஒரு மணி தள்ளி எண்ணினாள். ஒரு கிழமையின் பின் கணக்கு 1610 என்று வந்தது.

“மாமி, நூற்றி அறுபது சோடியைக் காணேல்லை” என்றாள் நிறஞ்சலா.

“நான் ஒண்டும் விடேல்லைப் பிள்ளை. பத்துப் பத்தாத்தான் எண்ணினனான்.”

“பத்துச் சின்ன மணிக்குப் பிறகு ஒரு பெரிய மணி வருமெல்லோ? அதிலயும் ஒரு சோடி தள்ளினனீங்களோ?”

“தள்ளினனான். ஆனா அது பரலோக மந்திரமெல்லே. அதைப்போய் எண்ணுறதே?”

“நூற்றி அறுபது சோடியை மனுசி பரலோகத்துக்கு அனுப்பிப்போட்டுது” என்றான் பத்திநாதன்.

கணக்கைத் திருத்தினார்கள். எழுமாற்றாக, கண்டபடி தூவிய புள்ளிகளில் இருக்கக்கூடியதைவிட நெருங்கிய சோடிகள் பல மடங்கு இருந்தன. இளம் கொத்துகள் தம்முடன் பிறந்தவற்றின் பக்கத்திலேயே நிற்கின்றன. வயது போகப் போக விலகுகின்றன. யாரும் தள்ளுவதில்லை, ஒவ்வொன்றும் தன் சிறிய வேகத்தில் போகிறது. பிறந்தபோதிருந்த நெருக்கம் அழியச் சில கோடி ஆண்டுகள் ஆகும் என்று கொப்பியில் இருக்கிறது.

எங்களுக்கு வெள்ளிக்கிழமை வரை தந்தார்கள்.

3.

ஊரில் கிணற்றைச் சுற்றித் தகரக் கொட்டில்கள் போட்டிருந்தோம். காணி உத்தியோகத்தர் ஜோன்சன் ஒவ்வொரு கொட்டிலுக்கும் ஒரு புள்ளி வைத்து வரைபடம் தயாரித்தார். அதைப் பார்த்தபோதுதான் நாங்கள் ஏழாம் லைன் ஒழுங்கிலேயே குடியேறியிருப்பது எனக்குத் தெரிந்தது. அப்படிச் செய்வோம் என்று யாரும் பேசி வைக்கவில்லை.

“இதென்ன நடுவில பத்தடி இடைவெளி?” என்று கேட்டார் ஜோன்சன்.

“அது அமிர்தநாயகம் ஆக்களின்ரை” என்றான் பத்திநாதன்.

“அவை எங்கை?”

“இன்னும் மண்டபத்திலை. வாறதோ விடுறதோ எண்டு யோசிக்கினம்.”

“யோசிக்கிற ஆக்களுக்கு இவ்வளவு இடமோ?”

“தம்பி, அவன் குறட்டை விடுறவன்” என்றாள் திரேசம்மா. “உதிலும் கிட்ட வந்தா ஒருத்தரும் நித்திரை கொள்ளேலாது.”

ஜோன்சன் சிரித்தார். பிறகு சொல்ல வந்ததைச் சொன்னார். அரசாங்க வீட்டுத்திட்டத்தில் அவரவர் சொந்தக் காணியில்தான் வீடு; அங்கே போகச் சம்மதம் என்று படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். “வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வருவன். கையெழுத்து இல்லாட்டிப் பேர் அடுத்த பட்டியலுக்குப் போகும். அடுத்த பட்டியல் எப்ப எண்டு எனக்கே தெரியாது.”

(முதற்படியில் ஜோன்சனைக் கெட்டவராக எழுதி, அதற்காக ஒரு மீசையும் வைத்திருந்தேன். உண்மையில் அவருக்கு மீசை இல்லை. திரேசம்மாவின் தகரங்களைச் சுமந்து வந்ததும் அவர்தான். கெட்டவர் இல்லாத கதையை நடத்துவது சிரமம். நடத்துகிறேன்.)

என் காணி கிழக்கே இரண்டு மைலில் இருக்கிறது. அதைச் சுற்றி, பெரியமடுப் பக்கத்திலிருந்து வந்த பதினொரு குடும்பங்கள் இருக்கின்றன. நல்ல மனிதர்கள். ஆனால் அவர்களில் ஒருவரும் நிறஞ்சலாவைப் பார்த்ததில்லை. கிணற்றடியில் பார்க்காதவர் ஒருவரும் இல்லை. என் பிரச்சினை இவ்வளவுதான். படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் இல்லை.

நேற்றுப் பத்திநாதன் வந்தான். நான் ஒரு காலத்தில் கிளாக்கராக இருந்தவன்; அவன் என்னை இன்றும் அப்படித்தான் கூப்பிடுவான்.

“கிளாக்கரண்ணை, வைச்சிட்டியளோ?”

“நீ?”

“வைச்சிட்டன். எங்கடை காணி கடல்பக்கமெல்லோ. மனுசி அழுறா. அழுதுகொண்டே குசினி எந்தப் பக்கம் எண்டும் கேக்கிறா.”

“திரேசம்மா?”

“அவவுக்கு ஏது காணி? கிணற்றடியிலதான் கிடப்பா. இன்னும் ஆறேழு குடும்பமும் அப்பிடித்தான். நீங்களும் நிண்டா அவவுக்குச் சண்டை பிடிக்க ஒரு ஆள்.” தகரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “ஆனா மழைக்கு இந்தத் தகரம் நிக்காது, அண்ணை.”

4.

முடிவு, முதல் வகை. அவர் கையெழுத்து வைக்கிறார். [‘நான்’ என்று எழுதிப் பார்த்தேன், பேனை போகவில்லை.] இரண்டு அறை, ஓட்டுக்கூரை, குசினி. குடிபுகுந்த அன்று பின்னேரம் பக்கத்துக் காணிக்காரர் தேத்தண்ணீர் கொண்டு வருகிறார். ஊர் வழக்கப்படி இரண்டாவது கேள்வியாகக் கேட்கிறார்: “பிள்ளையள் எத்தினை பேர்?” அவர் சொல்கிறார்: “எனக்கு ஒரு”

முடிவு, இரண்டாம் வகை. அவர் கையெழுத்து வைக்கவில்லை. மார்கழியில் கொட்டில் ஒழுகுகிறது. திரேசம்மா வந்து தொலைந்த சோடிகளின் கதையைத் திரும்பவும் சொல்கிறாள். இப்போது அவை இருநூறு ஆகிவிட்டன. அவர் திருத்தவில்லை. பெயர் அடுத்த பட்டியலில் இருக்கிறது, பட்டியல் வரவில்லை.

இரண்டையும் வாசித்துப் பார்த்தேன். இரண்டும் நடக்கக் கூடியவைதான். அதுதான் கோளாறு.

5.

இன்று வெள்ளிக்கிழமை. ஜோன்சனின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கிறது. அவர் நேரம் தவறாதவர்.

உங்களுக்கு நிறஞ்சலாவை அறிமுகப்படுத்த இவ்வளவு எழுத வேண்டியிருந்தது. அவள் எப்படிச் சிரிப்பாள் என்பதை இன்னும் சொல்லவில்லை. கிணற்றடியில் யாருக்கும் அதைச் சொல்லத் தேவையில்லை. கிழக்கே பதினொரு வீட்டுக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

கையெழுத்து வைப்பதா, வேண்டாமா என்பதை நீங்களே தீர்மானியுங்கள். வைக்கச் சொல்வீர்களானால், முதல் வீட்டில் என்ன சொல்வது என்பதையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ‘எனக்கு ஒரு’ என்பது வரை நான் எழுதிவிட்டேன்.