நான்காவது பட்டை

"ரெக்ஸ், கையை எடுங்க."

மெரின் கராஜ் வாசலில் நின்றாள். கறுப்பு உடை, ஒரு காலில் மட்டும் ஷூ. உள்ளே அவள் அப்பா நெவிலின் சிவப்பு பைக்கின் மேல் குனிந்து, பின்னிருக்கையில் கட்டியிருந்த பையின் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார் ரெக்ஸ்.

அவர் நிமிர்ந்தார். "என்ன கண்ணு, அங்கிள்னு கூப்பிடுவியே, அது எங்க போச்சு?"

"கையை எடுத்தா திரும்பி வரும்."

ரெக்ஸ் கையை எடுக்கவில்லை. பதினொரு மணிக்கு நெவிலின் இறுதிச் சடங்கு. அதற்குள் வண்டியைத் 'தயார்' செய்ய வேண்டும் என்று அவர் காலையிலேயே பின்கதவு வழியாக வந்திருந்தார். வார்ஹோப் சின்ன ஊர், அங்கே பின்கதவை யாரும் பூட்டுவதில்லை. அதனால் வரும் தொல்லைகளில் ரெக்ஸும் ஒன்று.

நெவிலும் ரெக்ஸும் ஒரே பைக் குழு. சனிக்கிழமைதோறும் மலைப்பாதையில் வால்கா ஊர் வரை போய், கறி அடைத்த பேஸ்ட்ரி தின்றுவிட்டு, அதே வளைவுகளில் திரும்பி வரும் குழு அது. குழுவில் ஒருவர் இறந்தால் அவருடைய பைக் சவவண்டிக்குப் பின்னால் போக வேண்டும், அதைத் தலைவர் ஓட்ட வேண்டும். இது அவர்கள் வழக்கம். வழக்கத்தை ஆரம்பித்தவர் ரெக்ஸ். தலைவரும் ரெக்ஸ். யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

"இந்த மூட்டை முடிச்சு எல்லாம் இறங்கிட்டா வண்டி வண்டி மாதிரி இருக்கும்," என்றார் ரெக்ஸ். "ஆயிரம் சிசி ஸ்போர்ட்ஸ் பைக்கும்மா இது. உங்கப்பன் இதைப் போய் தபால்காரர் வண்டி ஆக்கி வச்சிருக்கான்."

தபால்காரர். அதுதான் குழுவில் நெவிலின் பெயர். குழுவில் பதினொரு பேர். பதினொரு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பை. அந்தப் பை இருக்கும் வண்டியைப் பார்த்து மீதிப் பத்துப் பேரும் ஆறு வருடமாகச் சிரித்தார்கள்.

நெவில் பதிலுக்குச் சிரிப்பார். பிறகு கராஜுக்கு வந்து இன்னொரு கவசத்தை மாட்டுவார். வண்டி விழுந்தால் முதலில் தரையில் இடிக்க இரண்டு பக்கமும் கறுப்பு உருண்டைகள். இஞ்சினுக்கு மூடி. ரேடியேட்டருக்குக் கல் படாமல் வலை. பட்டை உரசிப் பெயின்ட் போகாமல் இருக்க, ஒவ்வொரு பட்டைக்கும் அடியில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் படலம். அதை ஒட்ட அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் எடுத்துக்கொண்டார். முதல் பை சைலன்சரில் பட்டு உருகிப்போன கதையைக் குழு மூன்று வருடம் சொன்னது. உள்ளே எரிந்தது ரெக்ஸின் மழைக்கோட்டு என்பதும், புதுக்கோட்டு வாங்கிக் கொடுத்தது நெவில் என்பதும் அந்தக் கதையில் வராது.

இப்போது இருப்பது புதுப் பை, பழையதைவிடப் பெரிது. "பெரிசா வாங்கு நெவ், என் கோட்டு கசங்குது" என்று ரெக்ஸ்தான் சொன்னார். வியாழக்கிழமை மாலை நெவில் பழைய பையின் சாமான்களை இதில் அடுக்கிவிட்டு, இதைப் பொருத்த உட்கார்ந்தார். நான்கு பட்டைகளில் மூன்றை மாட்டினார். மெரின் வேலை முடிந்து வந்தபோது அவர் பின்சக்கரத்தில் சாய்ந்திருந்தார், நான்காவது பட்டையின் கொக்கி கையில் இருந்தது. ஆம்புலன்ஸ்காரர்தான் அவர் விரல்களைப் பிரித்து அதை எடுத்தார். அன்றிலிருந்து அந்தப் பட்டை அப்படியே தொங்குகிறது. மெரின் பையைத் தொடவே இல்லை. ரெக்ஸ் தொட்டுவிட்டார்.

"அங்கே வெளியூர்ல இருந்தெல்லாம் ஆளுங்க வராங்க," என்றார் ரெக்ஸ். "கடைசி நாள்லயாவது நெவ் கௌரவமா போகட்டும்."

"கௌரவமா?"

"நல்லதுக்குத்தானே சொல்றேன்."

அந்த நேரத்தில் குழுவைச் சேர்ந்த வாரிக்கும் கெல்வினும் உள்ளே வந்தார்கள். இருவரும் தோல் ஜாக்கெட்டின் மேல் டை கட்டியிருந்தார்கள். துக்கம் விசாரித்தார்கள். பிறகு வாரிக்கின் கண் பையின் மேல் போனது.

"கழட்டறதுக்கு முன்னாடி உள்ள பாத்துடலாம் ரெக்ஸ். என் சாமான் ஒண்ணு ரெண்டு இருக்கும்."

மெரின் தடுப்பதற்குள் ஜிப் திறந்தது. கெல்வினின் பிளாஸ்க் வந்தது. கெல்வினின் இன்னொரு பிளாஸ்க் வந்தது. யாரோ ஒருவருடைய கம்பளிக் கையுறை, யாரோ ஒருவருடைய மூக்குக்கண்ணாடி. மழைக்கோட்டுகள் உருட்டி உருட்டி அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றின் கழுத்திலும் துணிப் பட்டையில் பெயர் எழுதியிருந்தது. நெவிலின் கையெழுத்து, பெரிய எழுத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதுவதுபோல்.

"அட, என் பிரஷர் மாத்திரை!" என்றார் வாரிக். "ஒரு மாசமா வீட்டையே புரட்டிப் போட்டுட்டேன். பொண்டாட்டிய வேற திட்டிட்டேன்."

"என் கோட்டைக் கொடு," என்று ரெக்ஸ் கையை நீட்டினார். "அப்படியே எடுத்துட்டுப் போயிடறேன்."

மெரின் பொறுத்தது அவ்வளவுதான். பிளாஸ்க்கை வாங்கி உள்ளே வைத்தாள். இன்னொன்றையும் வைத்தாள். கையுறை, கண்ணாடி, கோட்டுகள். மாத்திரையை மட்டும் வாரிக்கிடம் கொடுத்தாள். ஜிப்பை இழுத்து மூடினாள்.

"ஏம்மா, அது எங்க சாமான்."

"ஆறு வருஷமா இது தபால்காரர் மூட்டைதானே? இன்னிக்கு மட்டும் உங்க சாமானா?" அவள் ஜிப்பின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "எங்கப்பாவோட சாவுல எங்கப்பாவைத் திருத்தாதீங்க. வண்டி இப்படியேதான் போகும்."

"இப்படியே போனா நான் ஓட்ட மாட்டேன். ஊரே சிரிக்கும்."

"ஓட்டாதீங்க. நான் ஓட்டறேன்."

"இந்தக் கவுனோடயா?"

மெரின் ஜிப்பை மறுபடி ஒரு சாண் திறந்து, அடியில் துழாவி, நெவில் என்று எழுதிய மழைக் கால்சட்டையை எடுத்தாள். அவ்வளவு பெரிய பையில் அவருடையது அது ஒன்றுதான். எல்லோருக்கும் முன்னால் அதைக் கவுனின் மேல் ஏற்றிக்கொண்டாள்.

பிறகு மண்டியிட்டாள். ரெக்ஸ் கழற்றியதை மாட்டினாள். நான்காவதை எடுத்தாள். கொக்கி குளிர்ந்து கிடந்தது. இருக்கைக்கு அடியில் வளையத்தைத் தேடி மாட்டி இறுக்கினாள். மீந்த நுனி ஒரு முழம் தொங்கியது.

"வாலைத் தொங்க விடாத," என்றார் ரெக்ஸ். "செயின்ல சுத்திக்கும். ஆளைத் தூக்கிப் போட்டுடும்."

"அப்பா என்ன பண்ணுவாரு?"

வாரிக் மாத்திரை டப்பாவைப் படித்துக்கொண்டிருந்தார்.

"மூணா மடிப்பான்," என்றார் ரெக்ஸ், சைலன்சரைப் பார்த்தபடி. "மடிச்சு ரப்பர் பேண்ட் போடுவான். ரெண்டு."

மெரின் மூன்றாக மடித்தாள். ரப்பர் பேண்ட் கருவிப் பெட்டியில் இருந்தது. இரண்டு போட்டாள்.

சடங்கில் ரெக்ஸ் பேசினார். பையைப் பற்றி ஒரு நகைச்சுவையும் சொன்னார், முன்பே எழுதி வைத்திருந்ததைக் கைவிட மனம் வரவில்லை போலும். கூடம் சிரித்தது. முன்வரிசையில் மழைக் கால்சட்டையோடு உட்கார்ந்திருந்த மெரின் சிரிக்கவில்லை. அவளைப் பார்த்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

சவவண்டிக்குப் பின்னால் அவள் மெதுவாக ஓட்டினாள். அவளுக்குப் பின்னால் பத்து சுத்தமான வண்டிகள் வந்தன. ஒன்றில்கூட ஒரு கைக்குட்டை வைக்க இடமில்லை.

கல்லறைக்குப் போய்ச் சேரவும் மழை பிடித்துக்கொண்டது. பெட்டியைத் தூக்கியவர்களிடம் குடை இருந்தது. பிரார்த்தனை செய்தவரிடம் குடை இருந்தது. தோல் ஜாக்கெட் போட்ட பத்துப் பேர் நனைந்தார்கள். குழியைப் பார்த்தார்கள், பிறகு ஒருவர் பின் ஒருவராகத் தலையைத் திருப்பி, வேலியோரம் நின்ற பைக்கைப் பார்த்தார்கள்.

பெட்டி இறங்கி முடிந்ததும் ரெக்ஸ் மெரினின் அருகே வந்தார். மூக்கு நுனியிலிருந்து நீர் சொட்டியது.

"கண்ணு... அந்தப் பையைக் கொஞ்சம்..."

மெரின் தலையாட்டிவிட்டு வண்டியை நோக்கி நடந்தாள். பத்துப் பேரும் இரண்டடி இடைவெளி விட்டுப் பின்னால் வந்தார்கள், பள்ளியில் வரிசை நிற்பதுபோல்.

அவள் பெரிய ஜிப்பைத் தொடவில்லை. பக்கவாட்டில் இருந்த சின்னப் பாக்கெட்டைத் திறந்து, கைக்குள் அடங்கும் மஞ்சள் சுருள் ஒன்றை எடுத்து உதறினாள். பையோடு வந்த மழை உறை. மடிப்பு கலையாத புதுசு. ஒரு மூலையில் மாட்டி, காற்று பிடுங்கப் பிடுங்க இழுத்து, சேற்றில் மண்டி போட்டு, அடிவிளிம்பு வரை சுற்றிலும் செருகினாள்.

பிறகு உறைக்கு அடியில், ஜிப்பின் ஓர இடைவெளியில் ஒரு விரலை நுழைத்து உள்ளே இருந்த கோட்டுகளைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தன.