கிளம்பும்போது ஒரு வார்த்தை

எங்கள் வீட்டில் யாராவது முக்கியமான காரியத்துக்குக் கிளம்பினால் முதலில் சாமி கும்பிட வேண்டும். பிறகு என் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை வாங்கிக்கொள்ள வேண்டும். வாயில் நுழையாத நீளத்துக்கு ஓர் இங்கிலீஷ் வார்த்தை. அதைச் சொல்லி, அர்த்தத்தையும் சொல்லி, அப்புறம்தான் "போய்ட்டு வா" என்பார். அதை வாங்காமல் வாசலைத் தாண்ட முடியாது.

அவர் பெயர் சபாபதி. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். படித்தது படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு வரைதான். பெக்கோக் ஊரில் இளவட்டமாக இருந்தபோது பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு பழைய அகராதி வாங்கியிருக்கிறார். அட்டை கிழிந்த அந்தப் புத்தகம் இன்றைக்கும் எங்கள் டிவி பக்கத்தில்தான் இருக்கிறது. அதில் உள்ள சின்ன வார்த்தைகள் எதுவும் அவர் கண்ணில் பட்டதே இல்லை போல. டீ நன்றாக இருந்தால் 'டிலெக்டபிள்'. மழை பெய்தால் 'டொரென்ஷியல்'. பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் அடுப்பு மேடையில் ஏறினால் அது 'ஆடேஷியஸ்'. துணிச்சல்காரப் பூனையாம். பூனையை விரட்டுவது நான், பட்டம் கொடுப்பது அவர்.

ஒரே மகள் வாசுகி. அவள் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாள் 'மேக்னிஃபிசென்ட்' என்று கொடுத்து அனுப்பினார். பேர் என்ன என்று டீச்சர் கேட்டதற்கு மகாராணி அதையே சொல்லிவிட்டு வந்தாள். கார் லைசன்ஸ் எடுக்கப் போன அன்று 'சர்கம்ஸ்பெக்‌ஷன்'. அப்படியென்றால் நாலு பக்கமும் பார்த்து நடந்துகொள்வது. பிள்ளை நாலு பக்கமும் பார்த்தாள், முன்பக்கம் மட்டும் பார்க்கவில்லை. தேர்வில் ஃபெயில். சிங்கப்பூரில் வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தபோது 'பெர்சிவியரன்ஸ்', அதாவது விடாமுயற்சி. வேலை கிடைத்தது. அந்த வார்த்தையால்தான் கிடைத்தது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எனக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார், கல்யாணத்துக்கு முன்னால். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வாசுகி வேலை செய்கிற இடத்தில்தான் ரூபேந்திரனைப் பார்த்தாள். நல்ல பையன், சிங்கப்பூர்க்காரன். அவன் அம்மா அங்கே இங்கிலீஷ் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அதைக் கேட்டதுமே நான் டிவி பக்கத்தில் இருந்த அகராதியைத் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரருக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஸ்கூடாயில் எங்கள் வீட்டிலேயே நிச்சயதார்த்தம். தட்டு மாற்றி, எல்லாரும் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில் இவர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். "யுவர் ஃபேமிலி இஸ் நொட்டோரியஸ் இன் சிங்கப்பூர்" என்றார்.

சிங்கப்பூரிலேயே பேர் பெற்ற குடும்பம் என்று சொல்ல நினைத்திருக்கிறார், பாவம். அந்த வார்த்தையைக் குண்டர் கும்பலுக்குத்தான் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியாது. மாப்பிள்ளையோடு வந்த பையன்கள் லட்டை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கிப் புரையேறினார்கள். சம்பந்தியம்மா ஜிலேபியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசுகி எழுந்து உள்ளே போய்விட்டாள். இவர் மட்டும் எல்லாரையும் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

அவர்கள் போன பிறகு, மகள் எழுந்து போனது உறுத்தியதோ என்னவோ, அகராதியை எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் வாசுகி அடுப்படிக்கு வந்தாள்.

"மா, கல்யாணத்துல அப்பா இங்கிலீஷ் பேச வேணாம்மா. ப்ளீஸ். அவங்க வீட்டு ஆளுங்க எல்லாம் வருவாங்க. நீங்களே சொல்லிடுங்க."

"நீயே சொல்லேன்."

"என்னால முடியாதும்மா. அழுதுடுவேன்."

நான் சொன்னேன். எப்படிச் சொன்னாலும் கேட்கிறவருக்கு அது ஒன்றுதான். அவர் "சரி" என்றார். முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த மிகச் சின்ன பதில் அதுதான்.

அன்றோடு வீட்டில் நீள வார்த்தை நின்றுபோனது. கல்யாணத்தில் பேச வேண்டாம் என்றுதான் சொன்னோம். இந்த மனிதர் முழுசாகவே விட்டுவிட்டார். மழை பெய்தால் "மழை" என்றார். டீ கொடுத்தால் "நல்லாருக்கு" என்றார். பூனை வந்தால் "சூ" என்றார். மனுஷன் பேசுகிற மாதிரி பேசுங்கள் என்று காலமெல்லாம் கத்தியவள் நான். இப்போது அப்படியே பேசினார், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல், மகள் மேல், அந்தச் சம்பந்தியம்மா மேல், எல்லார் மேலும் கோபம். வீடு கரண்ட் போன வீடு மாதிரி இருந்தது.

கல்யாணம் கோயில் மண்டபத்தில் நல்லபடியாக நடந்தது. இவர் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கூப்பி, "வாங்க, சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார். மைக் பிடித்த தம்பி, "மாமா, ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று நீட்டியபோது, வேண்டாம் என்று கையால் தள்ளிவிட்டார். சம்பந்தியம்மா அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

சாப்பாடு முடிந்து பொண்ணு மாப்பிள்ளை கிளம்புகிற நேரம். பாலத்தில் ஜாம் ஆவதற்குள் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்து, அங்கே விளக்கேற்ற வேண்டும். காரில் பூ கட்டியிருந்தது. ரூபேந்திரன் உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டான். வாசுகி எங்கள் காலில் விழுந்து எழுந்தாள். இவர் அவள் தலையைத் தொட்டார்.

"சரிம்மா. பாத்துப் போ."

அவ்வளவுதான். வாசுகி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏறவில்லை. பிறந்த வீட்டை விட்டுப் போகிற அழுகை என்று சுற்றி நின்றவர்கள் நினைத்தார்கள். "அலமாக், இங்க இருக்குற சிங்கப்பூர்தானே, அழுவாத லா" என்று என் தங்கச்சி வெள்ளையம்மா தேற்றினாள். வாசுகி அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"அப்பா, வார்த்தை?"

இவருக்கு விளங்கவில்லை. "என்னம்மா?"

"என் வார்த்தை எங்கப்பா?"

"நீதானம்மா வேணாம்னு சொன்ன."

"அது மைக்குல பேசறதுக்குச் சொன்னது. எனக்குக் குடுக்கறத நான் எப்பப்பா வேணாம்னேன்? சொல்லுங்க. வாங்காம நான் ஏற மாட்டேன்."

இவர் வாயைத் திறந்தார். அகராதியைக் கரைத்துக் குடித்த மனிதர், ஒரு வார்த்தை கிடைக்காமல் நின்றார். "அப்பா ஒண்ணும் எடுத்து வைக்கலம்மா" என்றார். டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். வாசுகியின் முகம் சுருங்கியது. இப்படியே இவள் வெறுங்கையோடு பாலம் தாண்டினால் இரண்டு பேருக்கும் ஆயுசுக்கும் ஆறாது என்று எனக்குப் பட்டது.

"நாட்வித்ஸ்டாண்டிங்" என்றேன் நான்.

என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை யாரும் கேட்டதில்லை. வெள்ளையம்மா ஆவென்று பார்த்தாள். இவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

அந்தக் காலத்தில் அவருடைய அம்மாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை. தன் அண்ணன் மகளைத்தான் கட்டி வைப்பேன் என்று பிடிவாதமாக இருந்தார். லாபிஸ் பஸ் ஸ்டாண்டில் நின்று நான், "சரி, விட்டுடுங்க, அவங்க சொல்றபடி கேளுங்க" என்றேன். அப்போது இவர் கொடுத்த வார்த்தை அது. எனக்கு ஒன்றும் புரியவில்லை, அர்த்தம் கேட்டேன். சொன்னார். அடுத்த தை மாதம் எங்களுக்குக் கல்யாணம். அதற்கு அப்புறம் அவர் கொடுத்த எதையும் நான் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஒன்றே போதுமாக இருந்தது.

"அர்த்தம்?" என்றாள் வாசுகி. எங்கள் வீட்டு முறை அது. அர்த்தம் சொல்லாத வார்த்தை செல்லாது.

"அத அப்பாதான் சொல்லணும்" என்றேன்.

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எது எப்படி இருந்தாலும்னு அர்த்தம்மா. யார் என்ன சொன்னாலும். நீ எவ்ளோ தூரம் போனாலும். அப்பா சபையில தப்புத் தப்பாப் பேசி உன் மானத்த வாங்கினாலும். அதையெல்லாம் மீறி."

"மீறி?"

"மீறி, நீ என் பொண்ணு."

வாசுகி அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், மறைக்கவில்லை. சம்பந்தியம்மா பக்கத்தில் வந்து நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். இவர் அவரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"வார்த்தையும் சரி, அர்த்தமும் சரி, சம்பந்தி" என்றார் அந்த அம்மா. "நொட்டோரியஸ்ஸும் அவ்ளோ தப்பில்ல. எங்க வீட்டு ஆம்பளைங்க சீட்டாடறத நீங்க பாத்ததில்ல."

இவர் சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு பார்த்த சிரிப்பு. வாசுகி காரில் ஏறினாள். கதவைச் சாத்துவதற்கு முன்னால் அந்த வார்த்தையை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள், சின்ன வயதில் செய்தது போலவே.

கார் திரும்பிப் போனது. மண்டபத்து வாசலில் நாங்கள் இரண்டு பேரும்தான் நின்றோம்.

"இத்தனை வருஷமா அத வச்சிருக்கியா, ராணி?"

"வேற என்னத்த வச்சிருக்கச் சொல்றீங்க?"

"எனக்கே வரலையே இன்னிக்கு. உனக்கு எப்படி வந்துச்சு?"

"அது எனக்குக் குடுத்ததுதானே" என்றேன். "நான் அவளுக்குக் குடுத்துட்டேன். எனக்கு இனிமே புதுசா ஒண்ணு வேணும்."

அவர் யோசித்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. எப்படியும் நீளமானதாகத்தான் இருக்கும்.