மழுங்கிய பிளேடு

கடலூரில் தோல் டாக்டர் தமயந்தி, வெண்மதியின் மோவாயை விளக்கடியில் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"முடியை எடுக்க வந்தியா, எடுத்துட்டேன்னு காட்ட வந்தியா?"

வெண்மதி தலைகுனிந்தாள். விருந்தாளி வருமுன் வீட்டைக் கூட்டுவதுபோல, டாக்டர் பார்ப்பாரே என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டுத்தான் நெய்வேலியில் பஸ் ஏறியிருந்தாள். கல்யாணமானதிலிருந்து அதுதான் பாடு. கணவன் அருண்ராஜ் மைன்ஸுக்குக் கிளம்ப எழுவதற்கு முன்பே குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்வாள். அவனுக்கு இது தெரியக் கூடாது.

"லேசர் முடி வழியாத்தான் வேருக்குப் போகும். வேரையே பிடுங்கிட்டா? ஒரு மாசம் ஷேவ் மட்டும் பண்ணு, வெயில்ல அலையாத. மாநிறத் தோலுக்கு அளவு தப்பினா சுட்டுடும். அதனால முதல்ல ஒரு சின்ன இடத்துல சோதிச்சுப் பாப்போம்."

"ஷேவ் பண்ணா தடிச்சு வளருமாமே டாக்டர்?"

"வளராது. சொரசொரப்பாத் தெரியும், அவ்வளவுதான்."

அந்தச் சொரசொரப்புதான் பயம். ஊர் திரும்பியதும் மெயின் பஜாரில் அம்சவல்லியின் பியூட்டி பார்லருக்குள் நுழைந்தாள். இன்றே முடிந்துவிட்டால் யாருக்கும் தெரியாதே.

"உக்காருங்கக்கா, இப்பவே லேசர் அடிச்சுடலாம்."

"சோதிச்சுப் பாக்க வேணாமா?"

"எதுக்குக்கா? செவப்போ கறுப்போ, எல்லாருக்கும் ஒரே அளவுதான்."

"கண்ணுக்குக் கண்ணாடி?"

"இறுக்கி மூடிக்குங்க, போதும்."

வெண்மதி எழுந்துவிட்டாள். முடியை மறைக்கலாம், சுட்ட தழும்பை எதைக் கொண்டு மறைப்பது?

மறுநாளிலிருந்து அருண்ராஜின் ரேசரை எடுத்தாள். அந்த வாரமே குட்டு வெளிப்பட்டது.

"ஏ புள்ள, பிளேடு ஏன் இப்டி மழுங்கிக் கெடக்கு? உங்கப்பாரு வந்து ஷேவ் பண்ணிகினு போனாரா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நாளைக்கும் பிளேடு மழுங்குமே. அவன் கையை எடுத்துத் தன் மோவாயில் வைத்தாள்.

"நான்தான்."

அவன் விரல் அங்கேயே நின்றது. டாக்டர் சொன்னதையெல்லாம் அவள் தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தாள்.

"இதுக்கா தெனம் விடியறதுக்கு முன்ன எழுந்து கெடந்த?" என்றான் அவன். பிறகு, "அந்த லேசரு சுடாதா?"

"தெரியாம செஞ்சா சுடும். அதான் பாத்துச் செய்யணுங்கறாங்க."

"சோதிக்கிற அன்னிக்கு நான் ஷிப்ட் மாத்திகினு வரேன். ஆனா ஒண்ணு, என் ரேசரத் தொடாத. ஒனக்குன்னு ஒண்ணு வாங்கியாறேன்."

அடுத்த நாள் காலை அவன் குளியலறைக் கண்ணாடி முன்னால் முகமெல்லாம் நுரையோடு நின்றான். வெண்மதி புது ரேசருடன் அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"கொஞ்சம் தள்ளுங்க. எனக்கும் வேலை கெடக்கு."

அவன் தள்ளி நின்றான். அவள் தாழ்ப்பாள் போடவில்லை.