பிடரியில் பிடிபட்ட பேரரசு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கடைக்குள் நுழைந்தவன் பார்வைக்கு மச்சான் மாதிரிதான் இருந்தான். அதே தொப்பை. பம்ப் ஹவுஸ் ஆபரேட்டருக்குக் கொடுக்கிற அதே காக்கிச் சட்டை. சைக்கிளிலிருந்து விழுந்து வாங்கிய புருவத் தழும்புகூட அதே இடத்தில் இருந்தது. செருப்புக்கடைக்காரரின் கன்னத்தில் நுரை போட்டுக்கொண்டிருந்த சலூன்காரர் நிமிர்ந்து பார்த்து, "வா மச்சான், இந்த நாற்காலி காலிதான், உக்காரு" என்றார்.

வந்தவன் உட்காரவில்லை. சுவரில் முதுகை ஒட்டவைத்துக்கொண்டு நின்றான்.

"இருக்கட்டும் மாமா, நிக்கிறேன்."

பிரஷ் பிடித்த கை பாதியில் நின்றது. பெண்டாட்டியின் தம்பியைச் சலூன்காரர் இன்று நேற்றா பார்க்கிறார்? பதினோரு வருஷமாக ஞாயிறு தவறாமல் வருகிறவன். நாற்காலியைக் கண்டால் மூட்டை மாதிரி விழுவான். கழுத்தில் துணி கட்டுவதற்குள் குறட்டை கிளம்பிவிடும். நாற்காலி காலியாக இருக்கும்போது அவன் நின்றதாகச் சரித்திரமே கிடையாது.

வாசலில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். புதுச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை.

"இவனுங்க யாரு?"

"பம்ப் ஹவுஸுக்குப் புதுசா வந்த ஹெல்பருங்க."

தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் சடக்கென்று திரும்பினார்கள். அப்போதுதான் மூன்று பிடரியும் சலூன்காரர் கண்ணில் பட்டன.

மூன்றும் கோணல். இடது பக்கம் ஏறி, வலது பக்கம் இறங்கி, நடுவில் எலி கடித்த மாதிரி. கண்ணாடியைப் பார்க்காமல், தன் கையைத் தானே பின்னால் வளைத்து வெட்டிக்கொண்டவன் தலை அப்படித்தான் இருக்கும். மச்சானின் பிடரியை அவர் போன ஞாயிறுதான் நூல் பிடித்த மாதிரி எடுத்துவிட்டிருந்தார். ஒரு வாரத்தில் முடி வளரும். கோணலாகவா வளரும்?

மறுபக்கத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்ததுதான் அவருக்கும் தெரியும். இதே போல இன்னொரு பூமி. அதிலும் இதே மனிதர்கள், இதே மூஞ்சிகள். ஆனால் அங்கே ஒரு பேரரசு. நம்மைப் போன்ற நாலு பூமியை விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டு அடுத்ததற்கு அலைகிறது. முதலில் உன் ஜாடைக்காரனை அனுப்புவான். அவன் உன் இடத்தில் உட்கார்ந்து உள்ளே இருந்து வழி திறந்துவிடுவான். வழி திறக்கும்வரை உன்னைப் பிடித்து உயிரோடு வைத்திருப்பான், ஏதாவது கேட்க வேண்டியிருக்குமே என்று. திறந்த பிறகு நீ எதற்கு?

அரசாங்கம் இதற்கென்று சுவர் முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஜாடைக்காரனுக்குக் கண் சிவந்திருக்குமாம், பேச்சு தடுமாறுமாம். சலூன்காரர் அதை நம்பவில்லை. கண் சிவந்து பேச்சு தடுமாறுகிறவன் ஊரில் பாதிப் பேர். நோட்டீஸ் எழுதினவனே அதில் ஒருத்தன். அதிலே ஒரு வரி மட்டும் இப்போது ஞாபகம் வந்தது. அந்தப் பேரரசில் மேலே இருப்பவனைத் தீர்த்துக்கட்டினால்தான் கீழே இருப்பவனுக்குப் பதவி.

அப்படிப்பட்ட ஊரில் எவன் இன்னொருத்தன் கத்திக்குக் கழுத்தை நீட்டுவான்? அங்கே சலூனே இருக்காது. சக்கரவர்த்தியிலிருந்து கூட்டுகிறவன் வரை சொந்தக் கையால்தான் வெட்டிக்கொள்வான்.

"என்னப்பா அவசரம்? நின்னுக்கிட்டே கிளம்பிடுவ போலிருக்கே" என்றார் செருப்புக்கடைக்காரர், நுரைக்குள்ளிருந்து.

"ஆறு மணிக்குத் தொட்டியைத் திறக்கணும். அதுக்குள்ள வேலை இருக்கு" என்றான் ஜாடைக்காரன்.

பம்ப் ஹவுஸின் அடித்தொட்டி காய்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதில் திறக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அப்படியென்றால் வழி அங்கேதான். ஆறு மணிவரைதான் மச்சானுக்கு ஆயுசு.

போலீசுக்குப் போகலாமா என்ற நினைப்பு வந்த வேகத்திலேயே போனது. முந்தாநாள் ஸ்டேஷன் அதிகாரி கடையைத் தாண்டிப் போனபோது தொப்பிக்குக் கீழே பிடரி கோணலாக இருந்ததை அவரே பார்த்திருந்தார். கஞ்சத்தனம் என்று நினைத்து மனசுக்குள் திட்டவும் செய்தார்.

கையில் இருந்தது ஒரு சவரக்கத்தி, ஒரு நாற்காலி. எப்படியாவது இவனை அதில் உட்காரவைத்து, கழுத்தில் கத்தியை வைத்துக் கேட்க வேண்டும். வேறு வழி தெரியவில்லை.

"என்னய்யா இது அதிசயம்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார். "நாற்காலியைப் பார்த்துப் பயப்படுறான் என் மச்சான்!"

செருப்புக்கடைக்காரருக்கு அவல் கிடைத்தது. "பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளைகூட இப்படி நெளிய மாட்டானே. உடம்புக்கு ஏதாச்சும்? நோட்டீஸ்ல போட்டிருக்கானே, அந்த மாதிரி ஏதாச்சும் ஆயிடுச்சா உனக்கு?"

விளையாட்டாகத்தான் சொன்னார். ஜாடைக்காரன் வாசலைப் பார்த்தான். எதிர்க்கடையில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவன் மெதுவாக வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, கண்ணாடியில் சலூன்காரரின் கையையே பார்த்தான். இமை கொட்டவில்லை.

"முதல்ல அந்தப் பிடரியை நேராக்கிடுறேன். பாக்கவே கண்ணு கூசுது" என்றார் சலூன்காரர். அதில் மட்டும் நடிப்பு இல்லை.

முடித்ததும் வெந்நீர்த் துண்டைப் பிழிந்து முகத்தில் போட்டார். அவன் துள்ளினான். அவசரப்படவில்லை அவர். தலையில் எண்ணெய் வைத்து, விரல் நுனியால் உச்சியில் தொடங்கினார். அப்புறம் நெற்றிப்பொட்டு. அப்புறம் காதுக்குப் பின்னால் இருக்கிற அந்தக் குழி. எவ்வளவு பெரிய முரடனாக இருந்தாலும் அந்தக் குழியில் விழுந்துவிடுவான். அவர் தொழிலில் கண்ட உண்மை அது.

"நிறுத்து" என்றான் ஜாடைக்காரன்.

அவர் கையை எடுத்தார்.

"நிறுத்தாதே" என்றான்.

நாற்பது வயசு இருக்கும் அவனுக்கு. நாற்பது வருஷமாக ஒருத்தரும் அந்தத் தலையை அன்பாகத் தொட்டதில்லை போலிருக்கிறது. பிடி தளர்ந்தது, வாய் பிளந்தது. குறட்டை கிளம்பியதே, அசல் மச்சானின் குறட்டை! அந்த ஒரு விஷயத்தில் இரண்டு பூமிக்கும் வித்தியாசம் இல்லை.

சலூன்காரர் சவரக்கத்தியை விரித்துத் தாடைக்குக் கீழே வைத்து, காதோரம் குனிந்தார். "எங்கடா என் மச்சான்?"

பதிலுக்குக் குறட்டைதான் வந்தது.

ஆனால் வாசலில் தொப்பென்று ஒரு சத்தம். இரண்டு ஹெல்பர்களும் ஒற்றைக்கால் மண்டியிட்டிருந்தார்கள்.

"தளபதி வாழ்க!"

செருப்புக்கடைக்காரர் பாதிக் கன்ன நுரையோடு, கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்து ஓடினார். அந்தத் துணி இன்றுவரை திரும்பி வரவில்லை.

"யாருடா தளபதி?"

"நீங்கதான்" என்றான் நெட்டை ஹெல்பர். "மேலதிகாரி கண்ணு மூடியிருக்கும்போது அவர் கழுத்துல கத்தி வச்சவனுக்கே பதவி. ரெண்டு சாட்சி இருந்தா போதும். கொல்றதெல்லாம் அப்புறம், உங்க வசதிப்படி. தொட்டிக்கு அந்தப் பக்கம் நாற்பது பேர் காத்திருக்காங்க. நாலு பூமியைப் பிடிச்ச படை. இனி அது உங்களுது. ஆணை கொடுங்க."

சலூன்காரருக்கு அரை நிமிஷம் தலைகால் புரியவில்லை. புரிந்ததும் நெஞ்சு ஒரு சாண் விரிந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "முதல் ஆணை. என் மச்சானை இப்பவே..."

"ஒரு நிமிஷம்" என்று குட்டை ஹெல்பர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தான். "சட்டப்படி ஒரு கேள்வி கேட்டாகணும். நீங்க கண்ணை மூடிக்கிட்டு இருக்கும்போது உங்க கழுத்துல கத்தி வைக்கிறவங்க யாராச்சும் உண்டா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கதை வேறு. ஆனால் தொழில்காரனுக்கு ரோஷம் முந்திக்கொண்டது.

"பின்னே? உங்களை மாதிரி நானே கோணல் மாணலா வெட்டிக்குவேன்னு நினைச்சியா? என் பொண்டாட்டிதான் வெட்டுவா, சவரமும் அவதான். தொழில் கத்துக்கொடுத்ததே நான்தான். இருபத்தேழு வருஷம்! ஒரு கீறல் கிடையாது."

ஹெல்பர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நெட்டைக்குக் குரல் கம்மிவிட்டது. "இருபத்தேழு வருஷமா... கொல்லாம வச்சிருக்காங்களா?"

"எங்க சக்கரவர்த்திங்க மூணு வருஷம் தாண்டினதே கிடையாதே" என்றான் குட்டை. "எவ்வளவு பெரிய கை அது!"

இரண்டு பேரும் மண்டியிலிருந்து எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, "அவங்க எங்க இருக்காங்க?" என்றார்கள். சலூன்காரர் இடுப்பிலிருந்த கையை எடுத்தார்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. அவர் மனைவி கொல்லையில் துண்டு அலசிக்கொண்டிருந்தாள். பேச்சுக் குரல் கேட்டு, ஈரத் துண்டுகளைத் தோளில் போட்டபடி அவளே வந்தாள். ஹெல்பர்கள் அவள் காலடியில் விழுந்தார்கள்.

"யார்ரா நீங்க? எழுந்திரிங்க, இப்பதான் கூட்டினேன்."

சலூன்காரர் அவளிடம் விஷயத்தை அவசர அவசரமாகச் சொன்னார். மறுபக்கம், தொட்டி, ஸ்டேஷன் அதிகாரி, ஆறு மணி. நாற்காலியில் தூங்குகிறவன் உன் தம்பி இல்லை.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா? எப்படி?"

"காலைல வீட்டுக்கு வந்தான். வந்ததும், அக்கா நீ சாப்டியான்னு கேட்டான். என் தம்பி என்னைக்குங்க என்னைச் சாப்டியான்னு கேட்டிருக்கான்? நேரா பாத்திரத்தைத்தானே திறப்பான்."

"அப்புறம் ஏண்டி சொல்லல?"

"ஒருவேளை திருந்திட்டானோன்னு சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம்னு இருந்தேன்." அவள் குரல் மாறியது. "உசுருக்கு ஆபத்துன்னு எனக்கு என்ன தெரியும்? டேய், ரெண்டு பேரும் இங்க பாருங்க. என் தம்பி அரை மணி நேரத்துல இங்க இருக்கணும். ஒரு நகம் உடைஞ்சிருந்தாலும் உங்க நாற்பது பேரையும் துவைச்சுக் கொடியில காயப் போட்டுடுவேன்."

நாலு பூமியைப் பிடித்த படை தெருவில் தலைதெறிக்க ஓடியது.

சத்தத்தில் ஜாடைக்காரன் விழித்துக்கொண்டான். ஆள் ஓடுவதைப் பார்த்தான், கத்தியைப் பார்த்தான், புரிந்துகொண்டான். அழவில்லை. கழுத்தை நீட்டினான். "கத்தியும் கழுத்துக்கு வந்தாச்சு. சட்டப்படி முடிச்சிடுங்க."

"துண்டெல்லாம் இப்பதான் வெளுத்தேன்" என்றாள் அவள். "ரத்தம் பட்டா நீ வந்து துவைப்பியா?"

அவன் தயங்கினான். "துவைக்கணும்னா துவைக்கிறேன். அதுக்கு முன்னாடி... காதுக்குப் பின்னால ஒரு இடம்... இன்னொரு தடவை..."

சலூன்காரருக்கு என்னவோ போல் இருந்தது. மச்சான் வந்து சேரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி அவனுக்குச் சவரத்தையும் செய்து முடித்தார். கண் மட்டும் வாசலிலேயே இருந்தது. பதினொன்றரை ஆயிற்று. பன்னிரண்டாயிற்று. மனைவி ஒரே துண்டை நாலாவது தடவையாக மடித்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டே காலுக்கு மச்சான் வந்தான், பின்னாலேயே இரண்டு ஹெல்பர்களும். உடம்பெல்லாம் தொட்டியின் காய்ந்த பாசி. கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தான்.

"யாரு மாமா என்னை எழுப்பச் சொன்னது? ரெண்டு நாளா இருட்டு அறையில போட்டிருந்தானுங்க. தூக்கம் நல்லா வந்துச்சு. ஆனா மோசமான பசங்க, தலையணையே இல்ல." அவன் பார்வை நாற்காலிக்குப் போனது. தன் முகத்தையே கொண்டவன் ஒருத்தன் அதில் சாய்ந்திருந்தது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. "யோவ், எழுந்திரிய்யா. அது என் இடம்."

அவன் அக்கா அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்புறம் முந்தானையால் அவன் முகத்துப் பாசியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, உள்ள ஏதாச்சும் இருக்கா?" என்றான் மச்சான்.

"இவன்தான் என் தம்பி" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. பிறகு ஹெல்பர்கள் பக்கம் திரும்பினாள். "தொட்டியை அடைச்சிட்டு உங்க ஊரைப் பாத்துப் போங்க. ஸ்டேஷன்ல ஒருத்தன் இருக்கானாமே, அவனையும் இழுத்துட்டுப் போங்க. அசல் அதிகாரியைக் கொண்டு வந்து விடுங்க. அவனும் ஒண்ணும் ஒழுங்கு கிடையாது, இருந்தாலும் நம்ம ஆளு."

"உத்தரவு" என்றான் நெட்டை. "இந்தப் பூமி உங்க பங்கு. நீங்க விடாம வேற எந்தத் தளபதியும் இதைத் தொட முடியாது. உங்க பதவி இருக்கிற வரைக்கும்."

குட்டை நோட்டைப் புரட்டினான். "ஒரே ஒரு கேள்வி. உங்க கழுத்துக்கிட்ட கத்தியோ கத்திரிக்கோலோ வைக்கிறவங்க யாராச்சும்..."

கடை முழுக்க அவளைப் பார்த்தது. அவள் கணவனைப் பார்த்தாள்.

"இந்த மனுஷன் கல்யாணம் ஆன நாள்லேருந்து முடி நுனி வெட்டிவிடுறேன்னு கேக்குறாரு. ஒரு தடவைகூட விட்டதில்ல. இனிமேலும் விடுறதா இல்ல."

குட்டை அதை எழுதி, அடியில் கோடு போட்டுக்கொண்டான்.

அவர்கள் போய்விட்டார்கள், ஜாடைக்காரனைத் தவிர. ஊருக்குப் போனால் அவனைக் கொன்றுவிடுவார்கள். அதனால் துண்டு துவைக்கும் வேலைக்கு வைத்துக்கொண்டாள். கூலி என்ன வேண்டும் என்று கேட்டதற்கு அவன் காதுக்குப் பின்னால் தொட்டுக் காட்டினான்.

அடுத்த ஞாயிறு மதியம் கூட்டம் கலைந்தபிறகு சலூன்காரர் தன் முறைக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி கழுத்தில் துணியைக் கட்டி, கத்தியைத் தோல்பட்டையில் இரண்டு இழுப்பு இழுத்தாள். மூலையில் மச்சானும் ஜாடைக்காரனும் ஒரே சுருதியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க இப்படி முழிக்கிறீங்க? முடி விழும், கண்ணை மூடுங்க."

"பரவாயில்ல, விழட்டும்" என்றார் சலூன்காரர். இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக, கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, கண்ணாடியில் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.