நல்ல பல்லைத் தட்டுகிறவள்

நோயாளி விரல் நீட்டிக் காட்டும் பல்லை அந்தப் பல் டாக்டர் உடனே நம்பிவிட மாட்டாள். வலி ஓரிடம், விரல் ஓரிடம் என்பது வாய்க்குள் சகஜம். அதனால் முதலில் நல்ல பல்லைத்தான் தட்டுவாள். அதற்கும் அலறுகிறவரிடம் மேற்கொண்டு கேட்டுப் பயனில்லை. எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டியதுதான்.

மறுநாள் சொந்த கிளினிக் திறப்பு. சிகிச்சையில் தவறென்று யாராவது வழக்குப் போட்டால் தாங்கிப்பிடிக்க இன்சூரன்ஸ் வேண்டும். அதில்லாமல் யார் வாயிலும் கைவைப்பதில்லை என்றிருந்தாள். கூட வேலை பார்த்த சீனியர் ஒருவர் போலி பாலிசியை நம்பி, ஒரே வழக்கில் கிளினிக்கையே இழந்ததைக் கண்ணால் பார்த்தவள்.

ஏஜென்ட்டைக் கூட்டிவந்தது அக்கா. வரவேற்பு மேஜை இனி அவள் பொறுப்பு.

"சலுகை இன்னியோட முடியுது மேடம். பணத்தை என் கணக்குல போட்டுடுங்க, பாலிசி உடனே வந்துடும். சந்தேகம்னா இந்த நம்பருக்குப் பேசுங்க, எங்க ஹெட் ஆபீஸ்தான்."

"பேசாம போடுடி. யாரைப் பார்த்தாலும் உனக்குச் சந்தேகம்" என்றாள் அக்கா.

அவனே நீட்டும் நம்பர், நோயாளி விரல் காட்டும் பல் மாதிரி. தெரிந்தும் நாக்கு எழவில்லை. அழுகிய தக்காளியைக் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுக்கவே கூசுகிறவள் அவள். எதிரில் இருப்பவர் முகம் சுருங்கினால் தன்மேல் தப்பென்று நினைத்தே வளர்ந்துவிட்டாள். இவன் விற்க வந்திருப்பது பாலிசியை அல்ல, வாங்கப் பார்ப்பது இந்தக் கூச்சத்தை என்று திடீரென உறைத்தது.

நல்ல பல்லைத் தட்டினாள்.

"நான் வேணும்னே தப்பான பல்லைப் பிடுங்கினா?"

"கவர் ஆகும் மேடம்."

"எங்கக்கா பிடுங்கினா? அவ டாக்டருக்குப் படிக்கல."

"அடிப்பாவி, என்னை ஏன்டி இழுக்குற?"

"அக்காவுக்கும் சேர்த்துதான். ஃபுல் கவர்."

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது.

இனி எக்ஸ்ரேதான். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்தின் இணையதளத்தில், அவன் சொன்ன கம்பெனியின் எண்ணைத் தானே தேடி எடுத்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். ஏஜென்ட்டின் பேரைச் சொல்லி விசாரித்தாள்.

"அந்தப் பேர்ல எங்களுக்கு ஏஜென்ட்டே கிடையாதுங்க. பணம் எதுவும் கட்டிடலையே?"

"கட்டல."

அவன் எழுந்தான். அக்கா வாசலை மறித்து நின்றாள்.

"உக்காருங்க தம்பி. எனக்கு இன்னிக்கு யாருக்காவது பல்லு பிடுங்கணும்போல இருக்கு. ஃபுல் கவர்தானே?"

அவளைச் சுற்றிக்கொண்டு ஓடியவன் பையை மறந்து போனான். புகார் கொடுக்கையில் அந்தப் பையும் போலீசுக்குப் போயிற்று.

சாயங்காலம் கம்பெனியிலேயே நேராகப் பாலிசி எடுத்தாள். பணம் கம்பெனி பெயருக்கே போயிற்று. பாலிசி வந்த பிறகும் ஒருமுறை கூப்பிட்டு அதன் எண்ணைச் சரிபார்த்தாள். எதிர்முனையில் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

காலையில் முதல் நோயாளி நாற்காலியில் சாய்ந்து, விரல் நீட்டி ஒரு பல்லைக் காட்டினார்.

"பார்க்கலாம்" என்று பக்கத்து நல்ல பல்லைத் தட்டினாள் டாக்டர்.