குழிக்கு ஜாமீன்

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில், செருப்பு அலமாரிக்கு மேல், ஒரு கம்ப்யூட்டர் ஓயாமல் ஓடியது. காசு வாங்காமல், விளம்பரம் போடாமல், ஊரார் எடுத்த வீடியோக்களை வைத்துக் காட்டும் சர்வர் அது. கட்டியவர் அவர். கூடமாட உதவுபவன் மைத்துனன்; பல்செட் செய்பவன், செய்வதைப் படமெடுத்துச் சர்வரில் போடுபவன்.

கேட்டவருக்கெல்லாம் கணக்குக் கொடுத்த காலம் ஒன்று உண்டு. தொப்பை கரைக்கும் மாத்திரை விற்பவன் ஒருவன் புகுந்து பாதி இடத்தை அடைத்துவிட்டான். சூடுபட்ட மெக்கானிக் சட்டம் போட்டார்: உள்ளே இருக்கும் ஒருவர் ஜாமீன் நின்றால்தான் கணக்கு. ஜாமீன் இல்லாத பழைய கணக்குகளை வரும் ஞாயிற்றுக்கிழமை சர்வரே முடக்கிவிடும். ஆளாளுக்கு ஓடி ஜாமீன் பிடித்தார்கள்.

மாமியாரும் கணக்குக் கேட்டு வந்தார். அவர் வீட்டு வாசலில் ஒரு குழி. ஒரு கூட்டம் தோண்டும், இன்னொன்று மூடும், மூன்றாவது வந்து மறுபடி தோண்டும். அத்தனையும் ஜன்னலிலிருந்து படம்பிடித்து வைத்திருந்தார்.

"குழிய யாரு அத்தை பாப்பாங்க?"

"பல்செட்ட பாக்கறவங்க பாப்பாங்க மாப்பிள்ளை. என் பையன் ஜாமீன் நிக்கிறான்."

மெக்கானிக் அன்றே இன்னொரு வரி சேர்த்தார்: சொந்தக்காரர் ஜாமீன் செல்லாது. "சரிங்க மாப்பிள்ளை," என்று சொல்லிவிட்டு மாமியார் போனார். அது நல்லதுக்கில்லை என்று எந்த மருமகனுக்கும் தெரியும்.

திங்கட்கிழமை சர்வர் மெக்கானிக்கை உள்ளே விடவில்லை. முதல் கணக்கே அவருடையது. முதல் ஆளுக்கு ஜாமீன் நிற்க அன்றைக்கு யார் இருந்தார்கள்?

"பின்வாசல் வழியா என்னை ஏத்தி விடுடா," என்றார் மைத்துனனிடம்.

"பின்வாசலுக்கு வெல்டிங் வச்சதே நீங்கதான் மாமா. சட்டத்த மாத்தற சாவியும் உங்க கணக்குலதான் இருக்கு. நான் சொந்தக்காரனாப் போயிட்டேன். வேற யாரையாவது பாருங்க."

சர்வரில் கணக்கு வைத்திருக்கும் சைக்கிள் கடைக்காரரைக் கேட்டார். "என் அப்ளிகேஷன மூணு தடவை திருப்பி அனுப்புனீங்க. அதத் தவிர உங்களப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதே," என்றார் அவர்.

கடைசியில், மாமியார் வீட்டுக் குழிக்கு எதிரே இருக்கும் ரொட்டிக்கடைக்கு மெக்கானிக் போனார். அங்கே மாமியார் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். குழி முழுவதும் சர்வரில் ஏறிவிட்டது. ஜாமீன் நின்றவர் ரொட்டிக்கடைக்காரர்.

"நம்ம மாப்பிள்ளைக்கும் நில்லுங்களேன்," என்று மாமியாரே சிபாரிசு செய்தார்.

"நின்னாப் போச்சு. சார் இதுவரைக்கும் என்ன வீடியோ எடுத்திருக்காரு?"

அது விண்ணப்பத்தில் மெக்கானிக் தானே எழுதி வைத்த முதல் கேள்வி. ஒன்றுகூட எடுத்ததில்லை. அடுத்தவர் வீடியோவைத் தள்ளுபடி செய்யவே நேரம் சரியாக இருந்தது.

மாமியார் போனைத் தூக்கினார். "இப்ப எடுத்துடலாம். குழியில இறங்குங்க மாப்பிள்ளை."

"நாளைக்கு ஒரு லிஃப்ட் ரிப்பேர எடுத்துப் போடறேன் அத்தை."

"லிஃப்ட்ட யாரு பாப்பாங்க?"

ரொட்டிக்கடைக்காரர் நல்ல இடமாகப் பார்த்துக் கடை வாசலில் நின்றுகொண்டார். மெக்கானிக் குனிந்து பேண்டை முழங்கால் வரை சுருட்டினார்.

"இன்னும் கொஞ்சம் மேல," என்றார் மாமியார். "உள்ள தண்ணி நிக்குது."